எட்டாம் மாடிக்குத் திரும்ப வேண்டிய பாத்திரம்

எங்கள் வீட்டுச் சமையலறையில் எங்களுக்குச் சொந்தமில்லாத பாத்திரங்கள் முப்பத்தொன்று இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவை அனைத்தையும் தரையில் கவிழ்த்து வைத்து எண்ணினேன். கவிழ்த்தால்தான் எது யாருடையது என்று தெரியும். பினாங்குத் தீவின் டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் எல்லோரும் டப்பாவின் அடியில் நெயில் பாலிஷால் ஓர் அடையாளம் போட்டு வைப்பார்கள். ஒற்றைச் சிவப்புப் புள்ளி, நாலாவது மாடியில் வடை சுடும் அக்கா. ஊதாக் கோடு, எங்கள் வரிசையின் கடைசி வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்போம். வெள்ளி நிறத்தில் நட்சத்திரம் மாதிரி ஒன்று, அதை யார் போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு முறுக்கு வந்த டப்பா, நோன்புப் பெருநாளுக்குப் பிஸ்கட் வந்த டப்பா, யாருடைய வளைகாப்புக்கோ சாதம் வந்த ஐஸ்கிரீம் டப்பாக்கள் என்று மூன்று வருஷத்துப் பண்டிகைகள் என் காலைச் சுற்றிக் கிடந்தன. என் மகன் அவற்றுக்கு நடுவே வயிற்றால் நீந்திக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது இரண்டு வயது.

இதை ஆரம்பித்து வைத்தது யோகா. சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் ஒரு வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுக்கும் பெண் என்னைவிட நாலு வயது இளையவள். வார நாள்களில் ஒரு வங்கியில் வேலை. கால் நீட்டிக் குனிந்தால் அவள் நெற்றி முழங்காலைத் தொடும். எனக்கு மூக்கு முழங்காலின் திசையில் போகும், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை எல்லோரும் மல்லாந்து படுத்திருந்தபோது அவள் அபரிகிரகம் பற்றிப் பேசினாள். தேவைக்கு மேல் எதையும் பிடித்து வைக்காமல் இருப்பது. அதுவும் யோகாதான், உடம்பை வளைப்பது மட்டும் யோகா இல்லை என்றாள். எனக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது. உடம்பு வளையாதவளுக்கும் செய்ய ஏதோ இருக்கிறது.

"இந்த வாரம் வீட்ல ஒரே ஒரு ஷெல்ஃப் எடுத்துக்குங்க. மூச்ச உள்ள இழுக்கும்போது பொருள கையில எடுங்க. வெளிய விடும்போது கீழ வச்சிடுங்க. திரும்ப எடுக்காதீங்க," என்றாள்.

வகுப்பு முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டே அவளிடம் போய், மூச்சு விட்ட பிறகு மனசு மாறினால் என்ன செய்வது என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பிக்கொண்டாள்.

நான் வேதியியல் படித்தவள். குழந்தை பிறப்பதற்கு முன் பாயான் லெப்பாஸில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒன்றைச் செய்யச் சொன்னால் செய்முறைப்படி செய்துதான் எனக்குப் பழக்கம். ஆகவே ஒரே ஒரு ஷெல்ஃப் என்று அவள் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அப்படியே செய்தேன். சனிக்கிழமை மத்தியானமே ஸ்டோர் அறையைத் திறந்தேன். மூச்சை இழுத்து, தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டியை எடுத்து, மூச்சை விட்டு வெளியே வைத்தேன். பல்கலைக்கழகக் குறிப்புகள். பிளாஸ்டிக் பைகள் நிறைந்த பிளாஸ்டிக் பை. சக்கரம் போன தள்ளுவண்டி. மாலைக்குள் தலை லேசாகச் சுற்ற ஆரம்பித்தது. அது மன அமைதியா, மூச்சை வேகமாக இழுத்துவிட்டதா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் நன்றாக இருந்தது.

என் கணவர் எல்லாவற்றையும் காரில் ஏற்றி மறுசுழற்சி மையத்துக்குக் கொண்டுபோனார். அவர் லிஃப்டுக்குப் போன பிறகு எனக்கு ஒரு நினைப்பு வந்து, செருப்புகூடப் போடாமல் கீழே ஓடி, ஒரு மூட்டையைப் பிரித்து, மகனின் முதல் காலுறை ஒன்றை மீட்டு வந்தேன். ஒன்றுதான் கிடைத்தது. ஜோடி அங்கேயே போயிற்று. திரும்ப எடுக்காதீர்கள் என்று அந்தப் பெண் சொன்னதை நினைத்துக் குற்ற உணர்வில் அன்று தூக்கம் வரவில்லை. ஞாயிறு காலை எழுந்ததும் அதை ஈடுகட்டச் சமையலறையில் இறங்கினேன்.

பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பது சுலபம் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அதில் உள்ள சிக்கல் தெரியும். இன்னொருவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. எதுவும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுக் கொடுக்க வேண்டும். என் வீட்டில் அப்படித்தான் வழக்கம், என் கணவர் வீட்டிலும் அப்படித்தான். முப்பத்தொரு பாத்திரங்கள் மூன்று வருஷம் தங்கிப்போனதே அதனால்தான். நான் ஏதாவது நல்லதாகச் செய்து போட்டுக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். நல்லதாக எதுவும் நான் செய்யவில்லை.

அன்றைக்குச் சீனி போதும் என்று முடிவெடுத்தேன். என் கணவர் கடையிலிருந்து நாலு பொட்டலம் சீனி வாங்கி வந்தார். டப்பாவை எடு, மூச்சை இழு, ஒரு கை சீனி, மூச்சை விடு, மூடு. மகன் ஒவ்வொரு டப்பாவிலும் விரலை விட்டுச் சுவை பார்க்க முயன்றான். பிறகு மூன்று பேரும் துணி காயப்போடும் கூடையில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டு மாடி மாடியாகப் போனோம்.

"யோகா பண்றேன்னு சொல்லிட்டு சீனி வியாபாரம் பண்றியா?" என்று கேட்டார் கணவர். ஆனால் கூடையை அவர்தான் தூக்கினார்.

அந்த நாளின் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கதவைத் தட்டுவோம், திறப்பார்கள், டப்பாவைப் பார்ப்பார்கள், ஒரு கணம் யோசிப்பார்கள், பிறகு முகம் மலரும். இது என்னுடையதா, எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தேனே என்பார்கள். மக்சிக் தன் ஊதாக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். வெள்ளி நட்சத்திரத்தை ஆளாளுக்குக் காட்டினோம், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, கடைசியில் அதையும் மக்சிக்கிடமே கொடுத்துவிட்டோம். பதினோரு மணிக்குள் கூடை காலி. வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று கைகளை நீட்டிச் சுற்றிப் பார்த்தேன், எதுவும் இடிக்கவில்லை.

சீனி போட்டு வந்த டப்பாவுக்கும் பதில் மரியாதை உண்டு என்பது எனக்கு நினைவில்லை. திங்கட்கிழமை சாயங்காலமே கதவு தட்டப்பட்டது. நாலாவது மாடி அக்கா வடை அனுப்பியிருந்தார். செவ்வாய்க்கிழமை மக்சிக் ஒரு தட்டு நிறைய உண்டே கொண்டுவந்தார், தேங்காய்ப்பூவில் புரட்டிய பச்சை உருண்டைகள். பிறகு யாரோ கேசரி, யாரோ மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ். புதன்கிழமைக்குள் நான் கொடுத்த அளவுக்குப் பாத்திரங்கள் திரும்ப வந்திருந்தன. சனிக்கிழமை வகுப்பில் இதை எப்படிச் சொல்வது என்று கவலைப்பட்டுக்கொண்டே இரண்டு வடை சாப்பிட்டேன்.

ஆனால் எண்ணி முடித்ததும் ஒரு பாத்திரத்தை மட்டும் அலமாரியின் மேல் தட்டில் திரும்ப வைத்துவிட்டிருந்தேன். முப்பத்தொன்றில் முப்பதுதான் அந்த ஞாயிறன்று வெளியே போயின. மிச்சமிருந்தது பச்சை எனாமலில் இளஞ்சிவப்புப் பூப்போட்ட நாலடுக்குக் கேரியர். இங்கே திங்காட் என்பார்கள். அது எட்டாவது மாடி அக்காவுடையது.

என் மகன் பிறந்தபோது என் அம்மாவுக்கு ஈப்போவில் முழங்கால் அறுவை சிகிச்சை. மாமியார் ஜொகூரில், மாமனாரை விட்டு வர முடியவில்லை. என் கணவருக்கு அப்போது முட்டை அவிக்கத் தெரியும். எட்டாவது மாடி அக்கா யாரும் கேட்காமலேயே முப்பது நாள் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்தார். அவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். வேலைக்குப் போகும் முன் சமைத்து, இந்தக் கேரியரில் அடுக்கி, படியில் இறங்கி வந்து என் கதவருகே வைத்துவிட்டு, ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, மிளகு ரசம். சாயங்காலம் நான் கழுவி வெளியே வைக்க, அவர் எடுத்துப் போவார். முப்பதாவது நாள் கேரியரைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டேன். இதைச் சும்மா கொடுக்கக் கூடாது, நன்றாகச் சமைத்து நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த வாரம் குழந்தைக்குச் சளி. அடுத்த வாரம் தடுப்பூசி. அப்படியே மூன்று மாதம் போனது. மூன்று மாதம் கழித்து வெறும் சோறும் குழம்பும் போட்டுக் கொடுக்க முடியுமா? கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து இன்னும் பெரிதாக. நாளாக ஆக அந்த நாலு அடுக்கில் போட வேண்டியது என் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதற்குள் என் மகன் மூன்றாவது அடுக்கைத் தன் மேளமாக ஆக்கிக்கொண்டான். ஒருநாள் அதைக் கீழே போட்டதில் விளிம்பில் எனாமல் பெயர்ந்து கறுப்பாகத் தெரிந்தது.

அதன் பிறகு நான் அக்காவைப் பார்ப்பதையே தவிர்க்க ஆரம்பித்தேன். எங்கள் அடுக்குமாடி பழையது, லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, நாலு, ஏழு, பத்து. எட்டாவது மாடிக்குப் போகிறவர்கள் ஏழில் இறங்கி என் கதவைத் தாண்டித்தான் படிக்கட்டுக்குப் போக வேண்டும். நான் லிஃப்ட் மணி அடித்தால் தொலைக்காட்சி சத்தத்தைக் குறைப்பேன். குப்பை கொட்டக் கதவைத் திறக்கும் முன் காதை வைத்துக் கேட்பேன். முப்பது நாள் எனக்குச் சோறு போட்டவரிடமிருந்து கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இப்படி ஒளிந்தேன். அவருக்கு என் மேல் கோபம் இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்பெல்லாம் கடந்து போகும்போது கதவைத் தட்டிக் குழந்தையைக் கேட்பவர், பிறகு தட்டியதே இல்லை.

வியாழக்கிழமை மக்சிக் தட்டைத் திரும்ப வாங்க வந்தபோதுதான் செய்தி சொன்னார். எட்டாவது மாடி அக்கா பாலம் தாண்டிப் புக்கிட் மெர்தாஜாமில் வீடு வாங்கிவிட்டார்களாம். சனிக்கிழமை காலை லாரி வருகிறதாம்.

நான் மக்சிக்கின் தட்டில் எதுவுமே போடாமல் திருப்பிக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் அது உறைத்தது. என் வாழ்நாளில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை நான் சமைத்தேன். கோழிப் பெரட்டல், நெய்ச்சோறு, பீன்ஸ் பொரியல், பாயாசம். அக்கா கத்தோலிக்கர், வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார். வெள்ளிக்கிழமை சமைத்த கோழி அவருக்கு ஆகுமா, சனிக்கிழமைதானே சாப்பிடப் போகிறார் என்று ஒரு கால் மணி நேரம் இதிலேயே போனது. மகன் மத்தியானம் தூங்கியதும் அவன் பிடியிலிருந்து மேளத்தை மெதுவாக உருவினேன். பெயர்ந்த இடத்தை என்ன செய்வது என்று யோசித்து, கீழ்க்கடைக்கு ஓடிப் பச்சை நெயில் பாலிஷ் வாங்கி வந்தேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூரிகையால் ஒரு பூச்சு. காய்ந்ததும் இன்னொன்று. நிறம் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. அந்தப் பெருமையில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது மூக்கில் வாடை ஏறியது. பெரட்டல் அடிபிடித்து, மேலேயும் கறுப்பு ஏறியிருந்தது. அதைக் காப்பாற்ற ஓடிய வேகத்தில் பாயாசத்தைத் தட்டிவிட்டேன். வாடையிலும் சத்தத்திலும் மகன் எழுந்து, மேளத்தைக் காணாமல் அழுதான். நெய்ச்சோறு குழைந்திருந்தது. பீன்ஸ் மட்டும் பீன்ஸாக இருந்தது.

கணவர் வேலையிலிருந்து வந்து, தரையில் உட்கார்ந்திருந்த என்னையும் பாயாசத்தையும் பார்த்தார். கடையில் பிரியாணி வாங்கி நிரப்பிவிடலாமே என்றார். முப்பது நாள் கையால் சமைத்தவருக்குக் கடைச் சாப்பாடா என்று நான் அழுதேன். அவர் வாளியையும் துடைப்பானையும் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை யோகா வகுப்புக்குப் போகவில்லை. ஆனால் யோகாவின்படிதான் யோசித்தேன். பிடித்து வைக்காமல் விடுவதுதான் முக்கியம், நிரப்ப வேண்டும் என்பதும் ஒரு பிடிப்புதானே. வெறுமையாகக் கொடுப்பதுதான் இன்னும் உயர்ந்தது. இதை வாய்விட்டே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், ரொம்ப நியாயமாக இருந்தது. வெறும் கேரியரை எடுத்துக்கொண்டு படி ஏறினேன். எட்டு படி ஏறியதும் அடுக்குகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணு என்றன. நிரம்பிய கேரியர் அப்படிச் சத்தம் போடாது. வருகிறவள் வெறுங்கேரியரோடு வருகிறாள் என்று அது ஊருக்கே சொல்லிக்கொண்டு வந்தது. படியின் திருப்பத்தில் என் தத்துவம் முழுவதும் கரைந்துவிட்டது. திரும்பி ஓடி வந்தேன்.

ஃப்ரிட்ஜில் இருந்தது அடுக்குமாடி முழுவதும் அனுப்பிய பலகாரம்தான். முதல் அடுக்கில் நாலாவது மாடி வடை, இரண்டாவதில் உண்டே, மூன்றாவதில் கேசரி, நாலாவதில் முந்தின நாள் யாரோ கொடுத்த மீ கோரெங். கணவர் மற்ற டப்பாக்களைக் கழுவிச் சீனி போட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு அவற்றைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். நான் மேலே போனேன். இந்தத் தடவை சத்தம் வரவில்லை.

அக்கா வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. ஒரு சோபா குறுக்கே நின்றது. அக்கா தலையில் துண்டு கட்டி, கையில் ஒட்டுநாடாவோடு இருந்தார். என்னைப் பார்த்தார். கேரியரைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் தெளிவாகப் பார்த்தேன். இவ்வளவு கோபமா என்று நினைத்தேன். அடுத்த கணம் அவர் தலைத் துண்டை அவிழ்த்துக் கேரியரின் மேல் போட்டு மூடி, என் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"யாரும் பாத்தாங்களா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"யாரு அக்கா?"

"என் நாத்தனார் லா. கீழ லாரிக்கிட்ட நிக்கிறாங்களே, மஞ்ச சட்டை. பாக்கலையே?"

நான் படியில் வந்தேன், யாரையும் பார்க்கவில்லை என்றேன். அக்கா நெஞ்சில் கை வைத்து, காலியான சமையல் மேடையில் சாய்ந்துகொண்டார். பிறகு சொன்னதை நான் பல தடவை நிறுத்தித் திரும்பக் கேட்டேன்.

அந்தக் கேரியர் அக்காவுடையதே இல்லை. அவருடைய கணவரின் அக்காவுக்கு, அதாவது அந்த நாத்தனாருக்கு, கல்யாணத்தில் வந்த சீர். ஏதோ ஒரு விசேஷத்துக்கு இரவல் வாங்கி வந்தது இங்கேயே தங்கிவிட்டது. ரசம் சிந்தாமல் படியிறங்க அதுதான் தோது என்று எனக்குச் சாப்பாடு கொண்டுவர அதை எடுத்திருக்கிறார். அந்த மாதக் கடைசியில் நாத்தனார் திருப்பிக் கேட்டார். பச்சைக் குழந்தைக்காரியிடம் போய்ப் பாத்திரத்தைக் கேட்க அக்காவுக்கு மனசு வரவில்லை. கொடுத்திருக்கிறேன் என்று சொன்னால் என் சீரை ஊருக்கெல்லாம் இரவல் கொடுத்தாயா என்று நாத்தனார் பிடித்துக்கொள்வார்.

"அதனால ஃபேக்டரி பஸ்ல திருடு போயிருச்சுன்னு சொல்லிட்டேன்," என்றார். "சும்மா சொல்லல, அழுதுகிட்டே சொன்னேன். அவங்க அந்த டிரைவருக்குச் சாபமே குடுத்தாங்க. பாவம், அந்த ஆளு ரெண்டு மாசத்துல வேலய விட்டுட்டாரு. என்னாலதானோன்னு எனக்கு இன்னும் பயம்."

"அப்ப நீங்க என் மேல கோபமா இல்லையா அக்கா?"

"கோபமா? நான் உன்ன பாத்தா ஓடிக்கிட்டு இருந்தேன் லா. நீ எங்கயாச்சும் எங்க வீட்டுக்காரர் முன்னாடி திங்காட்ட நீட்டிருவியோன்னு. லிஃப்ட்ல பத்துக்குப் போயி ரெண்டு மாடி கீழ எறங்கி வருவேன். முட்டி போச்சு."

நான் லிஃப்ட் மணியைக் கேட்டுத் தொலைக்காட்சியைக் குறைத்ததைச் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சத்தமாகச் சிரிக்கவும் முடியவில்லை. அக்கா ஒட்டுநாடாவை வாயில் வைத்துக் கடித்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கிட்டத்தட்ட இரண்டு வருஷம், ஒரே படிக்கட்டில், ஒரே கேரியருக்காக.

பிறகு அக்கா மூடியைத் திறந்தார். தட்டுகள் எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தன. தரையிலேயே உட்கார்ந்து கேரியரிலிருந்து நேராகச் சாப்பிட்டார். ஒரு வடையைக் கடித்ததும் நிறுத்தினார்.

"இது நாலாம் மாடி வடைல்ல?" இரண்டாவது அடுக்கைப் பார்த்தார். "இது மக்சிக்கோட உண்டே. நீ என்னம்மா சமைச்ச?"

மறைக்க முடியவில்லை. பெரட்டல், பாயாசம், பீன்ஸ் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது அடுக்கின் விளிம்பையும் காட்டினேன். அக்கா அதை நகத்தால் சுரண்டிப் பார்த்து, நெயில் பாலிஷா என்று கேட்டுவிட்டு மறுபடி ஒட்டுநாடாவைக் கடித்தார்.

"போ, அந்தப் பெரட்டல எடுத்துட்டு வா," என்றார்.

"அது அடிபிடிச்சிருச்சு அக்கா. வாயில வைக்க முடியாது."

"ரெண்டு வருசமா எனக்குன்னு யோசிச்சு யோசிச்சு செஞ்சது. நான் தின்னாம போவேனா? எடுத்துட்டு வா லா."

கொண்டுவந்தேன். கறுப்பை ஒதுக்கி ஒதுக்கி நாலு துண்டு சாப்பிட்டார். உப்பு கம்மி என்றார். எலும்பைச் சப்பிவிட்டு இன்னொரு துண்டு எடுத்தார். முப்பது நாள் அவர் எனக்குப் போட்டபோது நான் ஒருநாள்கூட அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அந்தச் சாப்பாடு இல்லாமல் அந்த மாதத்தை நான் எப்படித் தாண்டியிருப்பேன் என்று தெரியவில்லை என்று அப்போதுதான் சொன்னேன். அக்கா பெரட்டலை மென்றுகொண்டே தலையை ஆட்டினார். பிறகு கை கழுவக் குழாயைத் திறந்தபோது முகத்தையும் சேர்த்துக் கழுவினார்.

மறுபடி பழைய கேள்வி வந்து நின்றது. கேரியரை என்ன செய்வது? புது வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் நாத்தனார் குடியிருக்கிறார். அங்கே அதை எடுத்துப் போகவே முடியாது.

"நீயே வச்சுக்க," என்றார் அக்கா. "கையெடுத்துக் கும்பிடறேன், திருப்பி மட்டும் குடுத்துறாத."

நான் அபரிகிரகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தேவைக்கு மேல் எதையும் பிடித்து வைக்கக் கூடாது, இந்த வாரம் முழுக்க நான் அதற்காகத்தான், என்று பாதி சொல்லும்போதே வாசலில் மூச்சு வாங்கும் சத்தமும், இன்னும் எத்தனை பெட்டி என்று ஒரு பெண் குரலும் கேட்டன. அக்கா துண்டைப் போட்டுக் கேரியரைச் சுற்றி என் கையில் திணித்தார். நான் அதைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மஞ்சள் சட்டை போட்ட அம்மா சோபாவுக்கு அந்தப் பக்கம் நின்றார். பாதி காலியான கேரியர் கிணுங்கென்றது.

"என்னம்மா அது?" என்று கேட்டார்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன்.

"யோகா சாமான், ஆன்ட்டி."

அவர் ஒதுங்கி வழிவிட்டார். நான் படியிறங்கி, வீட்டுக்குள் போய், கதவில் சாய்ந்து, யோகாவில் எந்தப் பாடத்திலும் இல்லாத மாதிரி மூச்சு வாங்கினேன். ஜன்னலிலிருந்து பார்த்தபோது லாரி கிளம்பியது. அக்கா முன் சீட்டில் இருந்து ஏழாவது மாடியைப் பார்த்துக் கையாட்டினார். நாத்தனாரும் பார்த்துக் கையாட்டினார்.

சாயங்காலம் அக்கா புது வீட்டிலிருந்து போன் செய்தார். சமையலறை பெரிது, தண்ணீர் வேகம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். நாத்தனாருக்கு முதுகுவலியாம். அந்த யோகா பொண்ணு யாரு, சாமானெல்லாம் வைத்துச் செய்கிறதே என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாராம். அடுத்த ஞாயிறு ஜார்ஜ் டவுனில் ஒரு கல்யாணம் இருக்கிறது, அப்படியே என் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்கிறாராம்.

"நானும் கூட வர்றேன். எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிரு லா," என்றார் அக்கா. அவர் மறுபடி சிரிப்பது எனக்குக் கேட்டது.

போனை வைத்துவிட்டுக் கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். ஸ்டோர் அறையில் சுவர் மட்டும் இருந்தது. அலமாரிக் கதவைத் திறந்தால் உள்ளே வெளிச்சம் அடித்தது. கட்டிலுக்கு அடியில் அந்தப் பக்கத்துச் சுவர் வரை பளிச்சென்று தெரிந்தது. ஒரு வாரமாக மூச்சை விட்டு விட்டுக் காலி செய்திருந்தேன். அந்த வீட்டில் ஒரே ஒரு பாத்திரத்தை ஒளித்து வைக்க எனக்கு ஒரு மூலைகூட மிச்சமில்லை.